நாலாம் தளத்து வரைபடம்

பழைய கொம்பியூட்டர் விளையாட்டுகளைப் பற்றி என்னோடு கதை தொடங்குகிறவர்கள் பாவம். லேசில் எழும்பிப் போக விடமாட்டேன். இப்போது வருகிற விளையாட்டுகளில் தலைக்கு மேலே அம்புக்குறி ஓடுகிறது. இங்கே போ, இவனை அடி, இதை எடு. இது விளையாட்டா, கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற பாலர் வகுப்பா என்று கேட்பேன். கேட்டுக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டு, உனக்கு வயது போகிறது, அதுதான் பழசெல்லாம் நல்லதாகத் தெரிகிறது என்பார். அதற்கும் நான் ஒரு மணித்தியாலம் சண்டை பிடிப்பேன். ஆனால் எவ்வளவு சண்டை பிடித்தாலும் ஒரு விசயத்தை மட்டும் சொல்லாமல் விழுங்கிவிடுவேன். சொன்னால் பிறகு எந்த முகத்தோடு நியாயம் கதைப்பது? இன்றைக்கு எழுதித் தொலைக்கிறேன்.

சமாதான காலம் என்று நாங்கள் சொல்லிக்கொண்ட அந்தச் சில வருடங்களில், கிளிநொச்சியில் எங்கள் வீட்டின் முன்விறாந்தையை அடைத்து நான் கொம்பியூட்டர் வகுப்பு நடத்தினேன். மூன்று கொம்பியூட்டர்கள். மூன்றும் வெளிநாட்டில் யாரோ பாவித்துக் கழித்தவை. கரண்ட் இல்லை, பின்வளவில் ஒரு சின்ன ஜெனரேற்றர். பின்னேரம் இரண்டு மணிக்கு இழுத்துவிட்டால், ஊற்றின மண்ணெண்ணெய் ஐந்தரை வரைக்கும் ஓடும். வகுப்பு நாலரைக்கு முடிந்துவிடும். மிச்சம் ஒரு மணித்தியாலம் எங்களுடையது. எங்களுடையது என்றால், எனக்கும் அக்காவுக்கும்.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். குளங்களைப் பார்க்கிற ஒரு கந்தோரில் படம் கீறுகிற வேலை அவளுக்கு. குளத்தின் அணைக்கட்டு, தண்ணீர் திறந்துவிடுகிற துருசு, வாய்க்கால் போகிற வழி எல்லாவற்றையும் அளந்துகொண்டு வந்து கொடுப்பார்கள். அவள் தாளில் இறக்குவாள். நிரந்தர வேலை இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடிதம் கொடுத்துப் புதுப்பிப்பார்கள். பத்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார்கள். நாலேகாலுக்குச் சைக்கிளில் வந்து இறங்கி, முகத்தைக் கழுவிவிட்டுத் தேத்தண்ணியோடு விறாந்தைக்கு வருவாள்.

அந்த விளையாட்டு நாங்கள் தேடி வாங்கினதல்ல. மூன்றாவது கொம்பியூட்டரைத் துப்புரவாக்கப் போன இடத்தில் உள்ளே கிடந்தது. பழைய சொந்தக்காரன் அழிக்க மறந்துவிட்டான் போல. விளக்கப் புத்தகமும் இல்லை, ஒன்றும் இல்லை. திறந்தால் கறுப்புத் திரையில் சின்னச் சின்னச் சதுரங்கள். பச்சைச் சதுரம் மரம், நீலம் தண்ணீர், மண்ணிறம் சுவர். நாலு பேர் கொண்ட ஒரு கூட்டத்தை நாம் நடத்திக்கொண்டு போகவேண்டும்: வாள்காரன், வைத்தியக்காரி, கள்ளன், வில்லுக்காரன். ஒவ்வொரு ஆளும் திரையில் பன்னிரண்டு புள்ளி உயரத்துக்கு மேல் இல்லை. கீழே ஆங்கிலத்தில் நாலு வரி ஓடும். முதல் நாள் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்னடா, புழு ஊருது?" என்றாள்.

அடுத்த நாள் அவளே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டாள். அவளுடைய ஆங்கிலம் என்னுடையதைவிட நல்லது. தெரியாத சொல்லுக்கு மடியில் அகராதி.

அந்த விளையாட்டில் எங்கே போவது என்று யாரும் காட்டமாட்டார்கள். ஊருக்குள் போய் ஒவ்வொருவரோடும் கதைக்கவேண்டும். சந்தையில் ஒரு கிழவி, தன்னுடைய கோழி மேற்குச் சுவர்ப்பக்கம் போகவே போகாது என்று ஒரு வரி சொல்வாள். அவ்வளவுதான். திரும்பக் கேட்டால் வேறு கதை சொல்வாள். நான் சிரித்துவிட்டுப் போகப் பார்த்தேன். அக்கா விடவில்லை. "பொறு, அவா சும்மா சொல்லேல்லை. எழுது" என்றாள். இரண்டு கிழமை கழித்து மேற்குச் சுவரில்தான் நிலத்துக்குக் கீழே இறங்குகிற கள்ளக் கதவு இருந்தது. அன்று நாங்கள் இரண்டு பேரும் கத்தின கத்தலில் அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடி வந்துவிட்டா.

கீழே இறங்கினால் ஒரு கோட்டை, தளம் தளமாக. விளையாட்டு வரைபடம் தராது, நாமேதான் கீறவேண்டும். ஒரு சதுர றூள் கொப்பி வாங்கி நான் கீறத் தொடங்கினேன். அக்கா பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கொப்பியைப் பறித்தாள்.

"வடக்கு எங்கை?"

"விளையாட்டுக்கு என்ன வடக்கும் தெற்கும்?"

"வடக்கு இல்லாட்டி அது படமில்லை, கிறுக்கல். தள்ளு."

அதற்குப் பிறகு கொப்பி அவளுடைய கைக்குப் போய்விட்டது. கந்தோரில் கீறுவது போலவே கீறினாள். மேல் மூலையில் வடக்குக் குறி. கீழே அளவு: ஒரு சதுரம் பத்து அடி. ஓரத்தில் குறிவிளக்கம். தண்ணீர்க் கதவு வந்தால் துருசு என்று போடுவாள். நாங்கள் நிற்கிற இடத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டு, பக்கத்தில் 'நாங்கள்' என்று எழுதுவாள். ஒவ்வொரு நாளும் அதை அழித்து, புது இடத்தில் எழுதுவாள். அழித்து அழித்துச் சில இடங்களில் தாள் மெலிந்துபோய்விட்டது. பன்னிரண்டு புள்ளியில் ஒரு மனிதனைப் பார்த்தால் மிச்சத்தை நம்முடைய தலைதான் கீறவேண்டும். அந்தக் கோட்டை எனக்கு எங்கள் வளவைவிட நன்றாகத் தெரியும். இன்றைக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் இரண்டாம் தளத்தில் நடப்பேன்.

இரண்டாம் தளத்தில் ஒரு விசயம் நடந்தது. எங்கள் கள்ளன் ஒரு மாடத்தில் இருந்த மோதிரத்தை எடுத்துவிட்டான். எடுக்கச் சொன்னது நான்தான். வாசல் காவல்காரன் மறித்து, யார் எடுத்தது என்று கேட்டான். நான் யோசிக்கவே இல்லை, கள்ளனைக் காட்டினேன். அவனைக் கொண்டுபோனார்கள். விளையாட்டு ஒன்றும் சொல்லவில்லை. பிழை செய்தாய் என்றுகூடச் சொல்லவில்லை. அக்கா மட்டும், "சீ, என்ன வேலையடா பாத்தனி?" என்றாள். அந்த விளையாட்டில் விளையாடினதை நினைத்த இடத்தில் பதிந்து வைக்க முடியாது. சத்திரத்தில் போய்ப் படுத்தால்தான் பதியும், அதுவும் ஒரேயொரு இடத்தில். பழையதின் மேல் புதியது விழும். நான் கள்ளனைக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தாயிற்று, இனி மாற்ற முடியாது.

மூன்றாம் தளத்தில் ஒரு பூட்டுக் கதவு வந்தது. திறக்கத் தெரிந்தவன் கள்ளன் மட்டும்தான்.

"இப்ப போய்க் கூட்டிக்கொண்டு வா" என்றாள் அக்கா. திரும்பி மேலே போய், சிறையைத் தேடிக் கண்டுபிடித்து, அவனை மீட்க எங்களுக்கு மூன்று கிழமை பிடித்தது. வந்தான். கதவைத் திறந்தான். ஆனால் முன்பெல்லாம் நடக்கும்போது இடைக்கிடை அவனுடைய படத்துக்குக் கீழே ஒரு பகிடி வரி வரும், நாங்கள் சிரிப்போம். மீட்டு வந்த பிறகு அது வரவில்லை. சொன்னதையெல்லாம் செய்தான். பகிடி மட்டும் விடவில்லை. எனக்கு முதலில் விளங்கவில்லை, கொம்பியூட்டரில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அக்காதான் சொன்னாள், "அவன் கோவத்திலை இல்லை. அவனுக்கு மனம் விட்டுப்போச்சு." இப்படி ஒன்றை எழுதி வைத்தவன் எந்த நாட்டுக்காரனோ, கெட்டிக்காரன்.

நாலாம் தளத்தில் வசமாக அகப்பட்டுக்கொண்டோம். எங்கே திரும்பினாலும் அதே மண்டபம். அந்த நேரத்தில்தான் அக்காவுக்குக் கடிதம் வந்தது. வவுனியாவில் நேர்முகப் பரீட்சை, நிரந்தரப் படவரைஞர் வேலைக்கு. முப்பத்தைந்து வயதானால் எடுக்கமாட்டார்கள். அவளுக்கு அடுத்த மாதம் முப்பத்தைந்து. இதற்கு முதல் இரண்டு முறை பாதை பூட்டிக் கிடந்தது, போகவே முடியவில்லை. இதுதான் கடைசி என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அம்மா தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தா.

துணைக்கு நான் போவதாக முடிவாயிற்று. எனக்கு அதில் ஒரு சொந்த அலுவலும் இருந்தது. வவுனியாவில் நெற் கபே இருந்தது. அங்கே தேடினால் நாலாம் தளத்துக்கு விடை கிடைக்கும்.

"கேட்டுப்போட்டு விளையாடுறதெண்டால் பிறகேன் விளையாடுவான்?" என்றாள் அக்கா. "அதோடை கொப்பியைக் கொண்டு வராதை, சொல்லிப்போட்டன். அதிலை எழுதிக் கிடக்கிறதை வாசிச்சுப் பார். காவல் மூண்டு பேர், ஆயுத அறை, மிதிச்சால் நெருப்பு. ஆரும் பாத்தால் என்ன நினைப்பினம்?"

"நீ சும்மா பயந்து சாகிறாய்."

"நான் பயந்து சாகிறன். நீ கொப்பியை வைச்சிட்டு வா."

நான் வைக்கவில்லை. காலை அவள் கிணற்றடியில் நின்றபோது என்னுடைய பைக்குள் வைத்துப் பார்த்தேன். துணிப்பை, கொப்பி மடங்கியது. அக்காவின் பைல் தடித்த மட்டை போட்டது. அவளுடைய சான்றிதழ்களுக்கும் கந்தோர்க் கடிதத்துக்கும் நடுவில் கொப்பியைச் செருகிவிட்டேன். வவுனியாவில் இறங்கினதும் எடுத்துவிடலாம் என்பது என் கெட்டித்தனம். மடையன்!

விடியவே பஸ். கனகராயன்குளம் தாண்டும்போது அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். எட்டு மணியளவில் இராணுவச் சோதனைச்சாவடியில் இறக்கினார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. பெண்களின் பக்கம் திரை போட்டிருந்தது. என்னை இரண்டு நிமிடத்தில் விட்டுவிட்டார்கள். நான் மறுபக்கம் நின்று அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரைக்குப் பின்னாலிருந்து சீருடை போட்ட பெண் ஒருத்தி வந்தாள். அவளுடைய கையில் எங்கள் கொப்பி. பின்னால் அக்கா. மேசையில் இருந்த அதிகாரி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். வடக்குக் குறியைப் பார்த்தார், அளவைப் பார்த்தார். நான் கீறின கோணல் படமாக இருந்திருந்தால் பிள்ளைகளின் விளையாட்டு என்று தூக்கி எறிந்திருப்பார். இது முறையாகக் கீறின படம். தொழில் தெரிந்தவளின் கை. தம்பியோடு வந்ததாக அக்கா சொல்லியிருப்பாள் போல, என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்கள்.

"தம்பி, இந்த புக் உங்களுக்கு தெரியும்?" அதிகாரி கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

நான் கொம்பியூட்டர் படிப்பிக்கிறன். இது ஒரு விளையாட்டு. கொப்பியை வைத்தது நான். நான் சொல்லியிருக்கவேண்டியது இந்த மூன்று சின்ன வசனங்கள்தான். என்னுடைய சேர்ட் பொக்கற்றில் வகுப்பின் அடையாள அட்டையும் இருந்தது. காட்டியிருந்தால் அரை மணித்தியாலத்தில் முடிந்திருக்கலாம். முடியாமலும் போயிருக்கலாம், நான் இருபத்துநாலு வயதுப் பொடியன். அந்த ஒரு செக்கனில் எனக்கு வந்தது பயம் மட்டும்தான். அதை இப்போது நியாயமாக்கிக் காட்டப் போவதில்லை.

"தெரியாது" என்றேன். அதோடு நிறுத்தினேனா? இல்லை. அவர் கேட்டது ஒரு கேள்வி, நான் இரண்டு பதில் சொன்னேன். "அவா கந்தோரிலை படம் கீறுறவா" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. தாளில் இறக்கின அளவு கூட்டிப் பார்க்கும்போது பொருந்தாவிட்டால் அவள் ஒரு பார்வை பார்ப்பாள், எங்கே பிழைத்தது என்று. அப்படிப் பார்த்தாள். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

"ஓம் ஐயா, என்ரை படம்தான். கொம்பியூட்டர் விளையாட்டுக்குக் கீறினது. இப்பிடி ஒரு இடம் உலகத்திலை இல்லை."

"இல்லாத இடத்துக்கு மேப் எதுக்கு?" என்றார் அவர். யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் வரவேண்டும் என்று சொல்லி அக்காவுக்கு ஒரு கதிரை கொடுத்தார்கள். என்னைப் பார்த்து, "நீங்க போங்க" என்றார்கள். நான் போனேன்.

பஸ்கள் நிற்கிற பக்கத்தில் ஒரு மரத்தடியில் இருந்தேன். ஒன்பதானது, பத்தானது. மூன்று முறை எழும்பிப் போனேன். மூன்று முறையும் பாதி வழியில் திரும்பினேன். பதினொன்றுக்கு நேர்முகம். பதினொன்றும் போனது. எனக்குப் பசித்தது. அக்கா விடிய எழும்பிக் கட்டின இடியப்பப் பார்சலை அவிழ்த்துச் சாப்பிட்டேன். ஐயோ, அதுவும் செய்தேன். தொண்டைக்குள் இறங்காது என்று கதைகளில் எழுதுவார்கள். எனக்கு நன்றாகவே இறங்கியது.

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா வந்தாள். பைல் இருந்தது, கொப்பி இல்லை. கடைசியில் வந்த ஆள் பக்கங்களை வாசித்துவிட்டுச் சிரித்தாராம். கொப்பியை மட்டும் வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்களாம்.

"சாப்பாடு கிடக்கே? பசிக்குது."

நான் மிச்சப் பாதியை நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். "நல்லது. நீயெண்டாலும் சாப்பிட்டாய்" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் குத்துகிறது.

வவுனியாவில் அந்தக் கந்தோர் வாசலில் இருந்தவர், "பன்னிரண்டுக்கே முடிஞ்சுது பிள்ளை. வந்த ஐயாமார் போயிட்டினம்" என்றார். அக்கா அடுத்த முறை எப்போது என்று கேட்டாள். அவர் கடிதத்தில் பிறந்த திகதியைப் பார்த்துவிட்டுக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். வெளியே வந்து றோட்டில் நின்றபோது எதிரே நெற் கபே.

"போகேல்லையே? நேரம் கிடக்கு" என்றாள் அக்கா.

"வேண்டாம்" என்றேன்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றா. அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "சோதனையிலை சுணங்கிப்போச்சு. என்ரை பைலுக்கை படம் கீறின கொப்பி ஒண்டு கிடந்தது." அவ்வளவுதான். அம்மா தலையில் கை வைத்தா. "உனக்கு அறிவில்லையே? இத்தினை வருசம் காத்திருந்திட்டு, அந்தச் சனியனை ஏன் கொண்டு போனனி?" என்று அக்காவைக் கிழி கிழி என்று கிழித்தா. பிறகு என்னுடைய தலையைத் தடவி, "நல்ல காலம் உன்ரை பையிலை இருக்கேல்லை. ஆம்பிளைப் பிள்ளையை லேசிலை விட்டிருப்பாங்களே" என்றா. அக்கா என்னுடைய சோற்றுக் கோப்பையில் சொதி ஊற்றினாள். நான் குனிந்து சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு கோபித்துக்கொண்டாள் என்று நினைக்கவேண்டாம். சேர்ட்டை மினுக்கி மடித்துத் தந்தாள், வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் வரவு எழுதித் தந்தாள், காய்ச்சல் வந்தபோது கொத்தமல்லி அவித்துத் தந்தாள். நாலேகாலுக்கு வந்து முகம் கழுவிவிட்டு, தேத்தண்ணியோடு குசினிக்குப் போய்விடுவாள். விறாந்தைக்கு வரவில்லை. அந்த வேலை அவளுக்குப் பிறகு கிடைக்கவே இல்லை. திரும்பச் சண்டை தொடங்கி வீட்டைவிட்டு எல்லோரும் வெளிக்கிட்ட நாள்வரை, ஆறு மாதக் கடிதத்தோடுதான் இருந்தாள். இப்போதும் கிழமைக்கு ஒருமுறை தொலைபேசியில் கதைக்கிறோம். அம்மாவின் முழங்கால், மழை, மீன் விலை எல்லாம் கதைப்போம்.

வவுனியா போய்வந்து பத்து நாள் இருக்கும். வகுப்பு முடிந்து மூன்றாவது கொம்பியூட்டருக்கு வந்தேன். கீபோர்ட்டின் மேல் நாலு தாள்கள் ஊசி குத்திக் கிடந்தன. நாலு தளத்தையும் நினைவிலிருந்து திரும்பக் கீறியிருந்தாள். வடக்குக் குறி, அளவு, குறிவிளக்கம், துருசு ஒன்றும் தவறவில்லை. நாலாம் தளத்தில் நாங்கள் போகாத இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. நான் குசினி வாசலில் போய் நின்றேன். சொல்லவேண்டும் என்றுதான் போனேன், கடவுளறிய. அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அரைகுறையாய்க் கிடந்தால் எனக்குப் பிடிக்காது" என்றாள், நிமிராமலே. நான் திரும்பி வந்துவிட்டேன்.

கதிரையில் இருந்து நாலாம் தாளை இன்னொருமுறை பார்த்தேன். மண்டபத்தின் கிழக்கு மூலையில், நாங்கள் கடைசியாக நின்ற அதே சதுரத்தில், சின்ன வட்டம் இருந்தது. பக்கத்தில் 'நாங்கள்' என்று இல்லை. 'நீ' என்று இருந்தது. பென்சிலால் அல்ல, பேனையால்.

வெட்கம் கெட்டவன், நான் விளையாடினேன். அந்தத் தாளை வைத்தே விளையாடினேன். மண்டபத்திலிருந்து வழி எங்கும் போகவில்லை, வந்த வழியால் திரும்பி நடந்தால்தான் கதவு திறக்கும் என்பதை இரண்டு மாதம் கழித்து நானாகவே கண்டுபிடித்தேன். கதவு திறந்தது. ஐந்தாம் தளம் முழுக்க வெளிச்சம். எழும்பி நின்று கத்திவிட்டேன்.

"அக்கா!"

குசினிக்குள் பாத்திரச் சத்தம் நின்றது.

"என்னடா?"

பின்வளவில் ஜெனரேற்றர் விக்கத் தொடங்கியது, எண்ணெய் முடிகிறது. அவள் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்டுமில்லை" என்றேன்.